தலைகீழாக விழுந்த முத்திரை

காமிஉரா துறைமுகம்
1982 பிப்ரவரி 5

நிராசாவா அவர்களுக்கு,

நான் ஹிதாகாவின் மனைவி சுமியே. குளிர்கிடங்கில் இயந்திர அறைப் பொறுப்பாளராக இருந்தாரே, அந்த ஹிதாகா. நீங்கள் செண்டாய் தலைமை அலுவலகத்துக்குப் பதவி உயர்ந்து போய் மூன்று மாதம்தான் ஆகிறது. பெயர் மறந்திருக்காது.

முந்தாநாள் அவருக்கு நூறாம் நாள். பிக்கு வந்து ஓதிவிட்டுப் போனார். கம்பெனியிலிருந்து மலர்வளையம் வந்தது, மனிதர் யாரும் வரவில்லை. அவரோடு அதே அறையில், அதே அமோனியா கசிவில் செத்துப்போன ஓனோதேராவுக்கும் அன்றைக்குத்தான் நூறாம் நாள். அதே கோயில், எங்களுக்கு ஒரு மணி நேரம் பிந்தி. வாசலில் ஓனோதேராவின் மனைவி கினுயோவைப் பார்த்துக் குனிந்தேன். அவள் குடையை முகத்துக்கு நேரே இறக்கிக்கொண்டு போய்விட்டாள். ஊரில் எல்லாரும் பேசுவது எனக்கும் கேட்கிறது. "மிஷின் ரூம்காரரே ஓட்டலாம்னு சொன்னப்புறம் கம்பெனி என்ன பண்ணும்" என்கிறார்கள். மீன் கடையில் எனக்கு முன்னால் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மீனைப் பார்க்கிறார்கள்.

தொழிலாளர் அலுவலகத்தில் நடையாய் நடந்து ஒரு தாளின் நகலை வாங்கினேன். செப்டம்பர் 18 கூட்டத்தின் குறிப்பு. எல்லாரும் கையெழுத்துக்குப் பதில் தங்கள் பெயர் முத்திரையை வைத்துச் சுற்றிவந்த தாள். அதில் இப்படி இருக்கிறது: "கடினம் இருப்பினும், சீசன் முடியும்வரை இயன்றவரை முயல்வதாக இயந்திரப் பிரிவு தெரிவித்தது." கீழே குறிப்பெடுத்தவர் பெயர், நிராசாவா தோகுஜி.

எனக்கு ஒரே கேள்விதான். அதில் என் கணவர் முத்திரை ஏன் தலைகீழாக இருக்கிறது? இருபத்திரண்டு வருஷம் அவர் முத்திரை வைப்பதைப் பார்த்தவள் நான். மேலதிகாரியின் முத்திரைக்குப் பக்கத்தில் வைக்கும்போது, வணங்குகிற மாதிரி இடது பக்கம் கொஞ்சம் சாய்த்து வைப்பார். "முத்திரைக்குக்கூட முதுகு வளையணுமா?" என்று நான் கிண்டல் செய்வேன். "வளைஞ்சாதான்டி சோறு" என்பார். அப்படிப்பட்ட மனிதர் தலைகீழாக வைத்தார் என்றால் அதை நான் நம்ப வேண்டுமா?

மார்ச் கடைசியில் தொழிலாளர் அலுவலகம் விபத்து அறிக்கையை முடித்துவிடுமாம். அதற்குள் பதில் வேண்டும்.

ஹிதாகா சுமியே


செண்டாய்
1982 பிப்ரவரி 14

மதிப்பிற்குரிய ஹிதாகா அம்மையாருக்கு,

பனிக்கு நடுவிலும் பிளம் மரங்கள் மொட்டு விடத் தொடங்கியிருக்கும் இந்நாட்களில், தாங்கள் உடல்நலத்துடன் இருப்பீர்கள் என நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் மனநிலையை நான் நன்கு உணர்கிறேன். நிகழ்ந்தது மிகவும் வருந்தத்தக்கது. நூறாம் நாளில் நேரில் வர இயலாமற்போனதற்கு மன்னிக்க வேண்டுகிறேன். அலுவல் காரணமாக அப்படி ஆகிவிட்டது.

தாங்கள் கேட்ட விஷயத்தைப் பொறுத்தவரை, அன்று தாள்கள் பல ஒரே சமயத்தில் சுற்றி வந்தன. அவசரத்தில் முத்திரை திரும்பி விழுந்திருக்க வாய்ப்புண்டு. குறிப்பின் வாசகம் அன்றைய விவாதத்தின் போக்கைப் பொதுவாகப் பிரதிபலிப்பதாகவே கருதுகிறேன். மேற்கொண்டு ஏதேனும் தெரியவந்தால் நல்ல முறையில் பரிசீலித்துத் தெரிவிக்கிறேன்.

குளிர் கடுமையாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிராசாவா தோகுஜி


காமிஉரா
1982 பிப்ரவரி 19

நிராசாவா அவர்களே,

பிளம் மரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கடல் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது.

நீங்கள் யாரென்று நினைத்துக்கொண்டு எனக்கு எழுதினீர்களோ தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் மீனவர் கூட்டுறவு அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் நான். உங்கள் மாதிரி ஆட்கள் எழுதிய கடிதங்கள் ஆயிரக்கணக்கில் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. எந்தச் சொல் எந்த வாயிலிருந்து, எந்த நேரத்தில் வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குப் பாடம். உங்கள் கடிதத்தையே படித்துக் காட்டுகிறேன், கேளுங்கள்.

மனநிலையை உணர்கிறேன் என்றால், இனிமேல் எழுதாதே. வருந்தத்தக்கது என்றால், தப்பு எங்களுடையதில்லை. பொதுவாகப் பிரதிபலிக்கிறது என்றால், அவர் அப்படிச் சொல்லவில்லை. நல்ல முறையில் பரிசீலிக்கிறேன் என்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், கம்பெனியில் காலெடுத்து வைத்த முதல் வாரத்திலேயே எல்லாரும் கற்றுக்கொள்வது அது. மாட்டேன் என்று அர்த்தம். மொத்தக் கடிதத்திலும் உள்ளதை உள்ளபடி சொன்னது ஒரே வரி, குளிர் கடுமையாக இருக்கிறது என்பது.

அவசரத்தில் திரும்பி விழுந்ததாம். சப்பைக்கட்டு கட்டுவதற்கும் ஒரு அளவு வேண்டும். அவர் பல்குச்சியைக்கூட முனை ஒரே பக்கமாக இருக்கும்படி அடுக்குகிறவர்.

இரவும் பகலும் சமமாகும் நாள் வருகிறது. செத்தவர்களுக்காகப் பயறுப் பூரணம் பூசிய சோற்று உருண்டை செய்வோம். கினுயோ வீட்டுக்கும் கொண்டுபோகப் போகிறேன். போகும்போது அவளிடம் சொல்ல எனக்கு ஏதாவது வேண்டும். அவள் நினைப்பது சரியென்றால் அதையாவது சொல்லுங்கள், நான் தலையைக் குனிந்துகொண்டு இந்த ஊரில் இருந்துவிடுகிறேன். தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை.

சுமியே


செண்டாய்
1982 மார்ச் 7

ஹிதாகா அம்மா,

இரண்டு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன். பருவ வாழ்த்தை விட்டுவிட்டேன். அது இல்லாமல் கடிதம் எப்படித் தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை என்பதும் ஒரு காரணம்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கேலி செய்யாதீர்கள். ஹிதாகா பதில் சொல்வதற்கு முன் பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுப்பாரே, உங்களுக்குத் தெரியும். தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஸ்ஸ் என்று நீளமாக. இங்கே கூட்டங்களில் குறிப்பெடுப்பது இப்போதும் நான்தான். யாராவது ஒரு கேள்வி கேட்டு அறை அமைதியாகும்போது, என் நாற்காலிக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்கிறது. முதல் தடவை திரும்பிப் பார்த்தேன். சுவரும் கோட்டு மாட்டும் கொக்கியும்தான் இருந்தன. ஜனவரியிலிருந்து வீட்டிலும் கேட்கிறது. என் மனைவி "குளிக்கத் தண்ணி ஆறுது, போறீங்களா?" என்று கேட்டால், நான் வாயைத் திறக்குமுன் எனக்குப் பக்கத்தில் யாரோ மூச்சை இழுக்கிறார்கள். அதற்கப்புறம் எதுவும் வராது. மூச்சு மட்டும்தான். மிச்சத்தை நான் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிற மாதிரி இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 18 அன்று ஆறு பேர் இருந்தோம். செண்டாயிலிருந்து வந்த இயக்குநர், கிடங்கு மேலாளர், விற்பனைக்காரர்கள் இரண்டு பேர், ஹிதாகா, நான். குளிர்காப்பு உறைக்குள்ளே அமோனியா குழாய் துருப்பிடித்திருப்பதாக ஹிதாகா முன்பே எழுதிக்கொடுத்திருந்தார். மாற்ற நான்கு நாள் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். சான்மா மீன் வரத் தொடங்கிய நேரம். இயக்குநர் சிரித்துக்கொண்டே கேட்டார், "எப்படி ஹிதாகா, நவம்பர் வரைக்கும் தாங்கும்ல?"

ஹிதாகா மூச்சை இழுத்தார். இவ்வளவு நேரம் அவர் இழுத்து நான் கேட்டதில்லை. அப்புறம், "அது... கொஞ்சம் கஷ்டங்க" என்றார்.

கூட்டுறவில் வேலை பார்த்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்ட முத்திரையைப் பற்றியும் எனக்குத் தெரியும். அவசரம் என்று நான் எழுதியது பொய். மிச்சத்தை எழுதக் கை வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

நிராசாவா


காமிஉரா
1982 மார்ச் 22

நிராசாவா அவர்களே,

பொறுங்கள் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருகிறது? அறிக்கைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

நேற்று கினுயோ வீட்டுக்குப் போனேன். கதவை ஒரு சாண் திறந்தாள். "நாங்க செஞ்சிட்டோம் அக்கா, வீட்ல நிறைய இருக்கு" என்றாள். அவள் வீட்டில் பயறு வெந்த வாசனையே இல்லை. திரும்பி வந்து பன்னிரண்டு உருண்டையையும் நானே தின்றேன். தின்றுகொண்டே அழுதேன்.

உங்களைக் கேலி செய்யப் போவதில்லை. பொறாமையாக இருக்கிறது. என்னிடம் அவர் வருவதில்லை. தினமும் அவர் படத்துக்கு முன்னால் சோறு வைக்கிறேன், பேசுகிறேன், அவர் தலையணையை இன்னும் எடுக்கவில்லை. ஒரு சத்தம் கிடையாது, ஒரு கனவு கிடையாது. உங்களிடம் கூட்டத்துக்குக் கூட்டம் வருகிறாராமே. உயிரோடு இருந்தபோதும் அவருக்கு வீட்டைவிட வேலைதான் பெரிது, செத்தும் அப்படித்தானா என்று படத்தைப் பார்த்துத் திட்டினேன்.

அவர் உங்களிடம் எதற்கு வருகிறார் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு இனிக் கடிதம் வேண்டாம். ஒரு தாள் வேண்டும். வளைக்காமல், நெளிக்காமல், கினுயோ படித்தால் ஒரே தடவையில் புரிகிற மாதிரி. உங்கள் முழுப் பெயரோடு.

சுமியே


செண்டாய்
1982 மார்ச் 26

ஹிதாகா அம்மா,

இத்துடன் தாள். இரண்டு பிரதிகள். ஒன்று தொழிலாளர் அலுவலகத்துக்கு.

"நான், நிராசாவா தோகுஜி, அன்று காமிஉரா கிடங்கின் பொதுப் பிரிவுத் தலைவர். 1981 செப்டம்பர் 18 கூட்டத்தில் ஹிதாகா மசாதோஷி, இயந்திரத்தை ஓட்ட முடியாது என்று சொன்னார். முடியாது என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. தலைமை அலுவலக இயக்குநர் முன்னால் எங்கள் அலுவலகத்தில் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. கொஞ்சம் கஷ்டம் என்றார். அங்கே அதற்கு முடியாது என்றுதான் பொருள். கூட இருந்த ஐந்து பேருக்கும் அது புரிந்தது. புரியவில்லை என்று யார் சொன்னாலும் அது பொய்.

கூட்டம் முடிந்ததும் கிடங்கு மேலாளர் நடைவழியில் என்னிடம், 'குறிப்பு கொஞ்சம் பதமா இருக்கட்டும் நிராசாவா' என்றார். நான் சரி என்றேன். முடியாது என்று ஹிதாகா சொன்னதை, முயல்வதாகச் சொன்னார் என்று எழுதினேன். யாரும் எனக்கு வாசகம் எழுதித் தரவில்லை. வாசகம் என்னுடையது.

தாள் ஹிதாகாவிடம் போனபோது அவர் முத்திரையைத் தலைகீழாக வைத்து அனுப்பினார். மறுக்க வழியில்லாத கீழ்நிலை ஊழியர், எனக்குச் சம்மதமில்லை என்று காட்ட அப்படி வைப்பதுண்டு. இருபது வருஷத்தில் நான் இரண்டே இரண்டு பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. நான் அவரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. என் முத்திரையைப் பக்கத்தில் வைத்து மேலே அனுப்பினேன். அக்டோபர் 27 அன்று குழாய் வெடித்தது."

இதற்கு மேல் எனக்கு இங்கே வேலை இருக்காது. மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் தேநீர் ஊற்றினாள்.

நிராசாவா


காமிஉரா
1982 ஏப்ரல் 2

நிராசாவா அவர்களே,

தாளைத் தொழிலாளர் அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அறிக்கையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மறுபடி எல்லாரையும் விசாரிப்பார்களாம். அங்கிருந்த பெண் ஒருத்தி தாளைப் படித்துவிட்டு எழுந்து நின்றாள். எனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை, உங்களுக்கும் வரவில்லை. அதை நீங்கள் எதிர்பார்த்திருக்கவும் மாட்டீர்கள்.

இன்னொரு பிரதியோடு கினுயோ வீட்டுக்குப் போனேன். "உள்ள வரலம்மா, இதை மட்டும் படி" என்று கதவிடுக்கில் நீட்டினேன். நின்றபடியே படித்தாள். முடித்ததும் அவள் முகம் மாறும், அழுவாள், என் கையைப் பிடிப்பாள் என்றெல்லாம் வழி நெடுக நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் தாளை நாலாக மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். எங்க வீட்டுக்காரர் வந்து சொன்னாரு. 'ஹிதாகா அண்ணன் கஷ்டம்னுட்டாரு, ரெண்டு நாள்ல மிஷினை நிறுத்திடுவாங்க, மலையில வெந்நீர் ஊத்துக்குப் போயிட்டு வரலாம்'னு. பையைக்கூட எடுத்து வெச்சோம்."

"தெரிஞ்சுமா என் முகத்தைப் பார்க்கல? ஊரே அவரைத் திட்டும்போது சும்மா இருந்தியே."

"ஊர் எதுக்குத் திட்டுதோ எனக்குத் தெரியாது அக்கா. நான் திட்டுறது வேற." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "அவங்ககிட்ட சொன்னாரு, சரி. அவங்க பாஷையில சொன்னாரு, முத்திரையைத் திருப்பி வெச்சாரு, அதுவும் சரி. எங்க வீட்டுக்காரருக்கு அந்த பாஷையெல்லாம் எதுக்கு? 'டேய், நீ உள்ள வராத'ன்னா போதுமே. ரெண்டு நாளா நெடி அடிச்சுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆபத்துன்னு உங்க வீட்டுக்காரருக்குத்தான் நல்லாத் தெரியும். தெரிஞ்சவரு எதுக்கு எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு உள்ள போனாரு? அதுக்கு உங்க பேப்பர்ல பதில் இருக்கா?"

இல்லை. தேடிப் பார்த்தேன், நடுத்தெருவில் நின்று இன்னொரு தடவை படித்தேன். இல்லை.

ஐந்து நாளாக நான் அவர் படத்திடம் இதையே கேட்கிறேன். வழக்கம்போலப் பதில் இல்லை. மேலதிகாரிகளிடம் துணிந்து சொன்னார் என்று எனக்குப் பெருமை வந்தது. அந்தப் பெருமை ஒரு நாள்கூட நிற்கவில்லை. பக்கத்தில் நின்றவனிடம் மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை? இரவில் எழுந்து உட்கார்ந்தால் இது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடுகிறது. இனி அவர் என்னிடம் வந்தால்கூட எனக்குப் பயமாக இருக்கும்.

உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள். தெரியாதென்றால் தெரியாது என்று எழுதுங்கள். எனக்குக் கெட்டதாக இருந்தாலும் பரவாயில்லை.

சுமியே


செண்டாய்
1982 ஏப்ரல் 6

ஹிதாகா அம்மா,

தெரியும். தாளில் இதை எழுதாமல் விட்டது மறதியால் இல்லை. தொழிலாளர் அலுவலகம் கூட்டத்தைப் பற்றித்தான் கேட்கும், இது கூட்டத்தில் நடக்கவில்லை, ஆகவே எழுத வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபது வருஷம் குறிப்பெடுத்தவனுக்கு எதை விடலாம் என்று நன்றாகத் தெரியும்.

அக்டோபர் 27 காலை ஒன்பது மணி இருக்கும். இயந்திர அறையிலிருந்து உள்தொலைபேசியில் ஹிதாகா கூப்பிட்டார்.

"தலைவரே, ஓனோதேராவை இன்னிக்கு மட்டும் சரக்கு மேடைக்கு அனுப்பிடலாமா? அங்க ஆள் குறைச்சல்னு கேள்விப்பட்டேன்."

சரக்கு மேடை என் ஜன்னலுக்கு நேர் கீழே. அங்கே வேலையில்லாமல் நான்கு பேர் பெட்டி மேல் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் குறைச்சல் இல்லை என்று ஹிதாகாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் என்ன கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. ஒரு ஆளைப் பிரிவு மாற்ற வேண்டுமென்றால் ஒரு தாள் எழுத வேண்டும், மூன்று முத்திரை வேண்டும், காரணம் என்ற கட்டத்தில் ஏதாவது எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் என்ன எழுதினாலும் நான் பதமாக எழுதிய குறிப்பு பல்லிளித்துவிடும்.

"மேல கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

மேலாளர் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. கேட்கப் போவதில்லை என்பது நான் சொன்ன விதத்திலேயே ஹிதாகாவுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குப் பின்னால் பம்பு ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "சரிங்க, வேலை நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தார். பத்து இருபதுக்கு வெடித்தது.

கேட்காமலே அனுப்பியிருக்கலாமே என்று கினுயோ அம்மா சொல்லலாம். சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன். கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று அவரைப் பழக்கியது எங்கள் கம்பெனி. அன்றைக்கு அவர் கேட்ட ஆள் நான்.

இந்தக் கடிதத்தைக் கினுயோ அம்மாவுக்குப் படித்துக் காட்டாதீர்கள். சனிக்கிழமை முதல் ரயிலில் வருகிறேன். அவர் வாசலில் நின்று நானே சொல்கிறேன். என்னை உள்ளே கூப்பிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். என்ன சொல்வதென்று முடிவு செய்துவிட்டேன். "உங்க வீட்டுக்காரரை வெளியே அனுப்பச் சொல்லி ஹிதாகா என்கிட்ட கேட்டாரு. நான் மாட்டேன்னுட்டேன்." இவ்வளவுதான்.

நிராசாவா தோகுஜி